ரெண்டு ஏக்கர், நாலு பயிர்: விருதுநகர் சிறு காய்கறி விவசாயிகள் பயிரை மாற்றுவது எதனால்? ஒரு முழு விளக்கம்

2023 ஜூலை மாதம் ஞாபகம் இருக்கிறதா? தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடையில் வைத்து அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலை. அதே தக்காளி சில வாரங்களிலேயே விலை சரிந்து, பறிப்புக் கூலிக்குக் கூட கட்டாத நிலைக்கு வந்தது.

வாங்குகிறவர்களுக்கு இது ஒரு மாதத் தலைவலி. ஆனால் சாத்தூர், வெம்பக்கோட்டை, அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிணற்றை நம்பி ரெண்டு ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, அடுத்த ஒரு வருட வாழ்க்கையே அந்த விலையில்தான் இருக்கிறது.

"ஒரே பயிரை நம்பாதீங்க, நாலு பயிர் போடுங்க" என்பது அதிகாரிகள் எப்போதும் சொல்லும் அறிவுரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிலர் நாலைந்து காய் போட்டு தாக்குப்பிடிக்கிறார்கள், சிலர் மக்காச்சோளத்தை விட்டு நகர மறுக்கிறார்கள். ஏன்? பட்டாசு ஆலைக்கும் வெண்டைக்காய்க்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

பயிர் பன்முகப்படுத்தல் என்றால் என்ன?

பெயர்தான் பெரிசு, விஷயம் எளிது. இதில் மூன்று வகை உண்டு.

• ஒரே நேரத்தில் நிலத்தைப் பிரித்து பல பயிர் போடுவது. அரை ஏக்கர் கத்தரி, அரை ஏக்கர் வெண்டை, ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம் என்பது போல.

• பட்டத்துக்குப் பட்டம் பயிரை மாற்றுவது. போன தடவை வெங்காயம், இந்தத் தடவை உளுந்து.

• ஒரு பயிருக்குள் இன்னொன்றை ஊடுபயிராகப் போடுவது.

கரிசல் காட்டுக்கு இது புதுசு இல்லை. மிளகாய், வெங்காயம், மல்லி, பருத்தி என்று ஒரே நிலத்தில் கலந்து போடுவது இந்த வட்டாரத்தின் பழைய பழக்கம். வெங்காயம் முதலில் கைக்கு வரும், மற்றவை பின்னால் வரும். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும் என்பதுதான் கணக்கு.

இதை அளக்க ஆய்வாளர்கள் 'சிம்ப்சன் குறியீடு' என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். நிலம் முழுக்க ஒரே பயிர் என்றால் மதிப்பு 0. இரண்டு பயிர் சமபங்கு என்றால் 0.5. நான்கு பயிர் சமபங்கு என்றால் 0.75. எண் ஒன்றை நெருங்க நெருங்க பயிர் வகை அதிகம் என்று அர்த்தம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த எண் எத்தனை வகைப் பயிர் என்பதைத்தான் சொல்லும். லாபத்தைச் சொல்லாது.

முதல் கேள்வி: தண்ணி இருக்கா?

1985-ல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து பிரிந்தது விருதுநகர். நிலத்தின் பெரும்பகுதி கரிசல் மண். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான். அதனால்தான் 'வானம் பார்த்த பூமி' என்ற பெயர். மானாவாரியில் மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, சூரியகாந்தி, மல்லி எல்லாம் வரும்.

ஆனால் காய்கறி அப்படி இல்லை. அதற்குத் தொடர்ந்து ஈரம் வேண்டும். எனவே காய்கறி போட முடியுமா, முடியாதா என்பதை முதலில் முடிவு செய்வது கிணறோ, போர்வெல்லோதான்.

மாவட்டத்துக்குள்ளேயே இதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகியவை மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளும் கண்மாய்களும் இருப்பதால் நெல், தென்னை, மா எல்லாம் உண்டு. கிழக்கே வரவர நிலம் காய்கிறது. சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வைப்பாறும் அதன் துணை ஆறுகளும் மழை பெய்தால்தான் ஓடும்.

கரிசலுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரத்தை நீண்ட நாள் பிடித்து வைக்கும். பருத்திக்கு இது வரம். ஆனால் அடைமழை பெய்தால் தண்ணீர் வடியாது, தக்காளி, மிளகாயின் வேர் அழுகிவிடும். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் கொட்டிய பெருமழை, வானம் பொய்த்தால் மட்டுமல்ல, வானம் கொட்டினாலும் நட்டம்தான் என்பதைக் காட்டியது.

1990 முதல் தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகித மானியம் உண்டு. மற்றவர்களுக்கு 75 சதவிகிதம். (ரெண்டரை ஏக்கருக்குள் இருந்தால் குறு விவசாயி, ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் சிறு விவசாயி.) ஆனால் கிணற்றில் தண்ணீர் இல்லை என்றால் சொட்டுநீர்க் குழாயும் சும்மாதான் கிடக்கும்.

இரண்டாவது கேள்வி: பறிக்க ஆள் இருக்கா?

மற்ற மாவட்டங்களில் இருந்து இந்தப் பகுதி வேறுபடும் இடம் இதுதான்.

இந்தியாவில் தயாராகும் பட்டாசில் சுமார் 90 சதவிகிதம் சிவகாசி வட்டாரத்தில் இருந்து வருவதாகச் சொல்லப்படுகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் சுற்றுவட்டாரம் முழுக்க ஆலைகள். தீப்பெட்டி, அச்சகத் தொழில் தனி. காலையில் ஊருக்குள் வேன் வரும். 'பயர் ஆபீஸ்' போகிற பெண்கள் ஏறிப் போவார்கள். பீஸ் ரேட் வேலை, வாரச் சம்பளம், தீபாவளி போனஸ்.

காய் பறிப்பு, களையெடுப்பு வேலைக்கு வர வேண்டியவர்களும் பெரும்பாலும் இதே பெண்கள்தான். அதிலும் காய் பறிப்பு ஒரு நாள் வேலை இல்லை.

வெண்டையை எடுத்துக்கொள்வோம். விதைத்து சுமார் 45 நாளில் காய்ப்புக்கு வரும். அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். ரெண்டு நாள் தாமதித்தால் முற்றிப் போகும், மண்டியில் யாரும் தொடமாட்டார்கள். ஒன்றரை மாதக் காய்ப்பு என்று வைத்தாலும் 20 தடவைக்கு மேல் ஆள் வேண்டும். சின்ன வெங்காயம் அப்படி இல்லை. ரெண்டு, மூணு மாதப் பயிர், அறுவடை ஒரே தடவைதான். மக்காச்சோளத்துக்கு மெஷின் வந்துவிட்டது.

ஆள் கிடைக்காத ஊரில் விவசாயி எந்தப் பயிர் பக்கம் சாய்வார்? விடை இதிலேயே இருக்கிறது. வீட்டில் ரெண்டு பேர் தோட்டத்து வேலைக்கு இருந்தால் வெண்டை, கத்தரி, சீனி அவரை என்று பல காய் போடலாம். வீட்டில் எல்லோரும் ஆலைக்குப் போனால் மக்காச்சோளம்தான், இல்லையென்றால் தரிசு. தரிசை ரெண்டு வருடம் விட்டால் சீமைக்கருவேல் புகுந்துவிடும்.

பருவமும் இதில் விளையாடுகிறது. பட்டாசுக்கு வெயில் வேண்டும், மருந்து காயணும். பயிருக்கு மழை வேண்டும். தீபாவளி ஆர்டரை முடிக்க ஆலைகள் மும்முரமாக ஓடும் ஆடி, ஆவணி, புரட்டாசிதான் தோட்டத்தில் நடவும் களையும் வரும் காலம். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் கொஞ்ச நாள் மூடியிருக்கும், மழையிலும் வேலை குறையும். எனவே பறிப்பு எந்த மாதத்தில் விழுகிறதோ, அதைப் பொறுத்து ஆள் கிடைப்பதும் மாறும்.

ஆலைக்கு நெருக்கடி வந்தால் நிலைமை தலைகீழ். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டுமே அனுமதி என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது வாரச் சம்பளம் நின்றது. அப்போது ரெண்டு ஏக்கர் தோட்டம் இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இருந்த வித்தியாசம் பெரியது.

மூன்றாவது கேள்வி: எங்க கொண்டு போய் விக்கிறது?

பயிரை மாற்ற நினைக்கும் விவசாயிக்கு முன்னால் இருக்கும் வழிகள் இவை.

• உழவர் சந்தை: 1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கப்பட்ட திட்டம். விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களிலும் இருக்கிறது. விவசாயி அடையாள அட்டை வேண்டும். கமிஷன் கிடையாது, தராசு இலவசம். இங்கே ஒரே காயை 300 கிலோ கொண்டு வருபவரை விட, ஆறு வகையில் தலா 20 கிலோ கொண்டு வருபவருக்குத்தான் சௌகரியம். வாங்குபவர் ஒரே கடையில் கூடையை நிரப்பப் பார்ப்பார்.

• கமிஷன் மண்டி: இங்கே கதை வேறு. மொத்தமாக, ஒரே ரகமாக வந்தால்தான் மதிப்பு. மதுரை மாட்டுத்தாவணிக்கோ பக்கத்து ஊர் மண்டிக்கோ போகும்போது கமிஷன், வண்டி வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் விவசாயி தலையில்தான். நாலு காயில் தலா ரெண்டு மூட்டை என்றால் வாடகையே தின்றுவிடும்.

• கேரளா: ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போகும் சாலை இந்த மாவட்டத்துக்கு ஒரு வாசல். ஓணம் சமயத்தில் காய்க்கு நல்ல கிராக்கி இருக்கும்.

ஆக, உழவர் சந்தைக்குப் போகும் தூரத்தில் இருப்பவருக்குப் பல பயிர் லாபம். தூரத்துக் கிராமத்தில் இருந்து மண்டியை நம்பி இருப்பவருக்கு ஒரே பயிர்தான் வசதி. விவசாயி பிடிவாதம் பிடிக்கிறார் என்று சொல்வதற்கு முன்னால் அவர் ஊருக்குக் காலை 5 மணிக்கு பஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விலை ஏன் இப்படி ஆடுகிறது?

போன பட்டத்தில் தக்காளிக்கு விலை. உடனே எல்லோரும் தக்காளி நடுகிறார்கள். மூன்று மாதத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய் வருகிறது, விலை விழுகிறது. அடுத்த பட்டத்தில் யாரும் நடுவதில்லை, மறுபடி விலை ஏறுகிறது. பொருளாதாரத்தில் இதைச் 'சிலந்தி வலை' சுழற்சி என்பார்கள். நேற்றைய விலையைப் பார்த்து நாளைய பயிரை முடிவு செய்வதால் வரும் சிக்கல் இது.

இந்த ஆட்டத்தில் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் ஒரு காய்கறி கூட கிடையாது. மக்காச்சோளம், உளுந்து, பருத்தி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பக்கத்து மாநிலமான கேரளா 2020 நவம்பர் 1 முதல் 16 வகைக் காய், கனி, கிழங்குகளுக்கு அடிப்படை விலை நிர்ணயித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவிகிதம் என்பது அதன் கணக்கு.

சில சமயம் அடி டெல்லியில் இருந்தும் வரும். 2019 செப்டம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, பெரிய வெங்காயத்தோடு மலேசியா, சிங்கப்பூர் போகும் நம்ம ஊர் சின்ன வெங்காயமும் சேர்ந்து மாட்டியது.

இதனால்தான் அனுபவசாலிகள் 'காத்திருக்கும் பயிர்' ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்கிறார்கள். தக்காளி நாலு நாள் தாங்காது. சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு ரெண்டு மூணு மாதம் வைத்திருக்கலாம். மிளகாயைப் பச்சையாகவும் விற்கலாம், விலை இல்லையென்றால் பழுக்க விட்டு வத்தலாகவும் போடலாம். வத்தலுக்கு விருதுநகர் சந்தையே பக்கத்தில் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற 'விருதுநகர் சம்பா வத்தல்' இந்த ஊரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

கடன், காப்பீடு, காகிதம்

கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. ஆனால் சிட்டா, அடங்கல் வேண்டும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கு அது கிடைப்பது சிரமம். அவர் உரக்கடையிலும் வியாபாரியிடமும் முன்பணம் வாங்குகிறார். முன்பணம் கொடுத்தவர் எந்தக் காயைக் கேட்கிறாரோ அதைத்தான் போட முடியும். பயிரைத் தேர்ந்தெடுப்பது விவசாயி இல்லை, கடன்தான்.

2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம் உணவுப் பயிர், எண்ணெய் வித்துக்களுக்கு 1.5 முதல் 2 சதவிகிதம். தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவிகிதம் வரை. அதுவும் அந்தப் பகுதிக்கு அறிவிக்கப்பட்ட பயிராக இருக்க வேண்டும். அரை ஏக்கர் கத்தரி, கால் ஏக்கர் சீனி அவரை என்று பிரித்துப் போட்டவர் பெரும்பாலும் இந்த வலைக்கு வெளியேதான் நிற்கிறார்.

மொத்தத்தில் பார்த்தால் அறிவுரை பல பயிருக்கு, பாதுகாப்பு ஒற்றைப் பயிருக்கு.

பூச்சி, பன்றி, மயில்

2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கன் படைப்புழு, அதே ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைப் பதம் பார்த்தது. 'மக்காச்சோளம்னா கவலை இல்லை' என்று இருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

காய்கறிக்கு வேறு தொல்லை. வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. அதே ஈ பருத்தியிலும் இருக்கும். பக்கத்து வயலில் பருத்தி இருந்தால் வெண்டைக்கு ஆபத்து கூடும். இப்படி எதற்குப் பக்கத்தில் எது என்பதையும் பார்க்க வேண்டும். மாறாக, தக்காளியைச் சுற்றிச் செண்டுமல்லி நட்டால் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி பூவில் போய் முட்டையிடும். தக்காளியும் தப்பிக்கும், பூவும் விற்கும்.

காட்டுப்பன்றி இன்னொரு தலைவலி. ஒரே இரவில் மக்காச்சோளக் காட்டைப் புரட்டிப் போட்டுவிடும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணைப்படி, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். ஒன்று முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மயிலுக்கு இந்த வழியும் இல்லை, அது சட்டப் பாதுகாப்பு பெற்ற தேசியப் பறவை. தக்காளி, மிளகாய் போட்டவர்கள் வலை கட்டியோ, காவல் இருந்தோதான் காப்பாற்ற வேண்டும். காவலுக்கும் ஆள் வேண்டும். திரும்பத் திரும்ப அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

அப்போ எத்தனை பயிர் போடலாம்?

அதிகம் போட்டால் பாதுகாப்பு என்பது பாதி உண்மை. ரெண்டு ஏக்கரில் எட்டு பயிர் போட்டால் எட்டுக்கும் தனி மருந்து, தனி நேரம், தனி விற்பனை. எதிலும் மண்டிக்குப் போகும் அளவு தேறாது. ஒரே பயிர் என்றால் விலை விழுந்த அன்றே ஆட்டம் முடிந்தது.

மேலே பார்த்த காரணங்களை வரிசைப்படுத்தினால் ஒரு நடைமுறைக் கணக்கு கிடைக்கும்.

• ஒன்று வாரச் செலவுக்கு: வெண்டை, கத்தரி போல அடிக்கடி பறிப்பது. வீட்டு ஆட்களால் பறிக்க முடிந்த அளவு மட்டும்.

• ஒன்று காத்திருக்க: சின்ன வெங்காயம், மிளகாய் போல வைத்து விற்கக்கூடியது.

• ஒன்று மண்ணுக்கு: உளுந்து, பாசிப்பயறு. காற்றில் இருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், ஆதரவு விலையும் உண்டு.

• வரப்பு ஓரத்தில்: முருங்கை போல வறட்சி தாங்கும் மரம்.

விதைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

1. பறிப்பு எந்த மாதத்தில் விழும்? அது தீபாவளிக்கு முந்தைய ஆலை சீசனா என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள்.

2. 'உழவன்' செயலியில் இன்றைய சந்தை விலையோடு, சுற்றுவட்டாரத்தில் என்ன அதிகம் நட்டிருக்கிறார்கள் என்று நாற்றுப் பண்ணையிலும் விசாரியுங்கள். எந்த நாற்று அதிகம் போகிறதோ, அதுதான் மூன்று மாதம் கழித்து விலை விழப் போகிற காய்.

3. சிறு, குறு விவசாயி சான்றிதழ் தாலுகா அலுவலகத்தில் வாங்கி வைத்திருந்தால் சொட்டுநீர் மானியத்துக்கு அலைச்சல் குறையும்.

4. அந்தப் பகுதியில் காப்பீட்டுக்கு அறிவிக்கப்பட்ட பயிர் எது, கடைசித் தேதி எது என்று வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

5. புது ரகம் என்றால் முதலில் பத்து சென்ட்டில் போட்டுப் பாருங்கள். அருப்புக்கோட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. சந்தேகம் கேட்கலாம்.

இது ஏன் முக்கியம்?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது ரெண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நில உடைமைகளில் 93 சதவிகிதம் சிறு, குறு விவசாயிகளுடையவை. நம் சாம்பாரில் விழும் காய் பெரும்பாலும் இப்படிப்பட்ட தோட்டத்தில் இருந்து வருவதுதான்.

சிவகாசி வட்டாரத்தில் இதற்கு இன்னொரு கனமும் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் 38 பேர் வரை பலியானார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் 'மாற்று வேலை' என்ற பேச்சு எழும், சில நாளில் அடங்கிவிடும்.

காய்கறித் தோட்டம் ஆலைக்கு முழு மாற்று என்று யாரும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் நிலமும் கிணறும் இல்லை, தோட்டம் வாரச் சம்பளமும் தராது. ஆனால் நிலம் இருக்கிற வீட்டில், வாரம் இருமுறை கையில் காசு தரும் ஒரு காய், விலைக்காகக் காத்திருக்க ஒரு பயிர், விற்க ஒரு சந்தை, இழந்தால் கை கொடுக்க ஒரு காப்பீடு இருந்தால், காலையில் வரும் வேனில் ஏறுவதா வேண்டாமா என்பதை அந்த வீடே முடிவு செய்யலாம். இப்போதைக்கு அந்த முடிவைப் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரும் தக்காளி விலையும்தான் எடுக்கின்றன.